குதிகால் வலிக்கு அளவெடுத்துச் செய்யும் இன்சோல்: யாருக்கு அவசியம், யாருக்கு வீண் செலவு?

காலையில் எழுந்து முதல் அடியைத் தரையில் வைத்ததும் குதிகாலில் ஆணி இறங்கியது போல ஒரு குத்தல். பத்து அடி நடந்தால் கொஞ்சம் விடும். மதியம் சாப்பிட உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே குத்தல். நாள் முழுக்க சிமென்ட் தரையில் நின்று வேலை செய்பவர்களிடம் கேட்டால் "நின்னு நின்னு காலே போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

விருத்தாசலம் போன்ற பீங்கான் தொழில் ஊரில் இது புதிய கதை இல்லை. ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், அகல் விளக்கு, கொலு பொம்மை என்று எதைச் செய்தாலும் அச்சுக்கு முன்னால் நிற்க வேண்டும், பலகையில் அடுக்க வேண்டும், சூளைக்குத் தூக்கிப் போக வேண்டும். பல மணி நேரம் கடினமான தரை, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு.

இந்த வலியோடு செல்போனைத் திறந்தால் விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன. 'உங்கள் பாதத்தை ஸ்கேன் செய்து, உங்களுக்காகவே இன்சோல் செய்து தருகிறோம், முட்டி வலி, இடுப்பு வலி எல்லாம் பறந்துவிடும்' என்கிறார்கள். விலை பல ஆயிரம் ரூபாய். தினக்கூலி வாங்குபவருக்கு அது பல நாள் சம்பளம். அந்தப் பணம் வேலைக்கு ஆகுமா என்பதுதான் கேள்வி.

இன்சோல் என்றால் மெத்தை மட்டும்தானா?

இல்லை. மருத்துவத்தில் இதற்கு 'ஃபுட் ஆர்த்தோசிஸ்' என்று பெயர். நேராக்குவது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. கடைக்காரர் 'சோல்' என்பார், பிசியோதெரபிஸ்ட் 'பேட்' என்பார், மருத்துவர் சீட்டில் 'இன்சோல்' என்று எழுதுவார். மூன்றும் ஒன்றாக இருக்கலாம், வேறு வேறாகவும் இருக்கலாம். குழப்பத்தின் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வேலை ஒன்றுதான்: பாதத்தில் எந்த இடத்தில் பாரம் அதிகமாக விழுகிறதோ அங்கிருந்து எடுத்து, தாங்கக்கூடிய வேறு இடத்துக்குப் பகிர்ந்து கொடுப்பது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள். உடல் எடை முழுவதும் குதிகாலிலும் முன்பாதத்திலும்தான் பெரும்பாலும் இறங்குகிறது. நடுவில் வளைவு இருப்பதால் அந்தப் பகுதி தரையை அவ்வளவாகத் தொடுவதில்லை. அந்த வளைவுக்கு அடியில் ஒரு தாங்கல் வைத்தால், குதிகாலின் சுமையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும்.

அளவெடுத்துச் செய்வது எப்படி என்பதை விருத்தாசலத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். பொம்மைக்கு அச்சு எடுக்கும் அதே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்தான் இங்கேயும். பிளாஸ்டர் தடவிய துணியை நனைத்துப் பாதத்தில் சுற்றுவார்கள். இறுகியதும் கழற்றினால் உள்ளே பாதத்தின் வடிவம் பள்ளமாகப் பதிந்திருக்கும். அதற்குள் பிளாஸ்டர் கூழை ஊற்றி எடுத்தால் கையில் ஒரு வெள்ளைப் பாதம். அதன் மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் அல்லது ஃபோம் தகட்டை அழுத்தி வடிவம் எடுத்து, ஓரம் வெட்டித் தேய்த்தால் இன்சோல் தயார். பிளாஸ்டருக்குப் பதில் மென்மையான ஃபோம் பெட்டியில் காலை மிதிக்கச் சொல்லியும் அச்சு எடுக்கிறார்கள். இப்போது 3டி ஸ்கேனரும் வந்துவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சு எடுப்பது இதில் சுலபமான பகுதி. அந்த வெள்ளைப் பாதத்தை அப்படியே பயன்படுத்த மாட்டார்கள். எங்கே கொஞ்சம் சுரண்ட வேண்டும், எங்கே கொஞ்சம் பிளாஸ்டர் சேர்த்து மேடாக்க வேண்டும், வளைவை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று முடிவு செய்வதில்தான் திறமை இருக்கிறது. ஸ்கேனர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இந்த முடிவை எடுக்கப் படித்த ஆள் வேண்டும்.

குதிகால் வலிக்கு என்ன காரணம்?

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை பாதத்தின் கீழே ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் மாதிரி, பாத வளைவை இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். நீண்ட நேரம் நிற்பது, உடல் எடை கூடுவது, கெண்டைக்கால் தசை இறுகிப்போவது போன்ற காரணங்களால் அது குதிகாலோடு சேரும் இடத்தில் சேதமாகி வலிக்கிறது. இதற்கு 'பிளாண்டார் ஃபேசியைட்டிஸ்' என்று பெயர். இரவு முழுக்கச் சுருங்கிக் கிடந்த பட்டை காலையில் திடீரென்று இழுபடுவதால்தான் முதல் அடியில் அந்தக் குத்தல்.

எக்ஸ்ரே எடுத்தால் சிலருக்குக் குதிகாலில் சின்ன முள் மாதிரி எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். "எலும்பு வளர்ந்திருச்சாம்" என்று பயந்துபோவார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. வலிக்குக் காரணம் பெரும்பாலும் முள் அல்ல, அந்த நார்ப்பட்டைதான்.

தட்டைப் பாதமும் இப்படித்தான். பிள்ளைக்குப் பாதம் தட்டையாக இருக்கிறது என்றதும் இன்சோல் தேடி ஓடும் பெற்றோர் உண்டு. வலி இல்லாத, விரல் நுனியில் நின்றால் வளைவு தெரிகிற தட்டைப் பாதத்துக்குப் பெரும்பாலும் எதுவும் செய்யத் தேவையில்லை. கர்நாடகத்தின் மணிப்பால் மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளைப் பரிசோதித்து 1992-ல் வெளியிட்ட ஆய்வு இதில் சுவாரசியமானது. காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான்.

ரெடிமேடா, அளவெடுத்ததா? ஆய்வுகள் சொல்வது என்ன?

விளம்பரங்கள் சொல்லாமல் விடும் பகுதி இது.

ஆஸ்திரேலியாவில் பிளாண்டார் ஃபேசியைட்டிஸ் உள்ள 135 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பெயருக்கு ஒரு மெல்லிய ஃபோம், இன்னொரு பிரிவுக்குக் கடையில் கிடைக்கும் கெட்டியான ரெடிமேட் இன்சோல், மூன்றாவது பிரிவுக்கு அளவெடுத்துச் செய்தது. மூன்று மாதத்தில், பெயருக்குக் கொடுத்ததைவிட மற்ற இரண்டும் நடமாட்டத்தில் கொஞ்சம் கூடுதல் பலன் தந்தன. ரெடிமேடுக்கும் அளவெடுத்ததற்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். 2006-ல் வெளியான ஆய்வு இது.

2008-ல் காக்ரேன் அமைப்பு, அளவெடுத்துச் செய்த இன்சோல்கள் பற்றிய 11 ஆய்வுகளை, மொத்தம் 1,332 பேரின் தகவல்களைச் சேர்த்து அலசியது. தெளிவான பலன் தெரிந்தது, பாத வளைவு அளவுக்கு மீறி உயர்ந்து வலிப்பவர்களுக்கு. முடக்குவாதத்தால் பாதம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஓரளவு ஆதாரம் இருந்தது. சாதாரணக் குதிகால் வலிக்கு அந்த அளவு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

அதாவது, நின்று நின்று வந்த குதிகால் வலிக்கு முதல் நாளே பல ஆயிரம் கொடுத்து அச்சு எடுக்க அவசியம் இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குதிகால் பேட், வளைவுத் தாங்கல் உள்ள ரெடிமேட் இன்சோல், கூடவே தினமும் நீட்டிப் பயிற்சி என்று சில வாரம் பார்ப்பதே சரியான தொடக்கம்.

பயிற்சி ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து வலிக்கிற காலை மற்றத் தொடை மேல் போட்டு, கால்விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். பாதத்தின் அடியில் பட்டை கம்பி மாதிரி விறைத்து நிற்பது கைக்குத் தெரியும். 10 விநாடி பிடித்து விட்டு, 10 முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதல் வேளை, காலையில் காலைத் தரையில் வைப்பதற்கு முன்பே. சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவதும் சேர்ந்தால் நல்லது. சோகம் என்னவென்றால், இது குணமாக மாதக்கணக்கில் ஆகும். மூன்றாம் நாளே "ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

உணர்ச்சி இல்லாத கால்: இங்கே கதை வேறு

வலிக்கிற காலைவிட வலிக்காத கால்தான் ஆபத்து. இதை உலகத்துக்குப் புரியவைத்ததில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு.

1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை சிகிச்சை நிபுணர். தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களின் கால்களில் புண் வந்துகொண்டே இருப்பதற்கு, சதை தானாக அழுகுவதுதான் காரணம் என்று அப்போது நம்பினார்கள். பிராண்ட் கவனித்தது வேறு. நரம்பு செத்துப்போனதால் அவர்களுக்கு வலி தெரியவில்லை. நமக்கு ஒரே இடத்தில் அழுத்தினால் உடனே நடையை மாற்றிக்கொள்வோம், நொண்டுவோம். அவர்கள் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மிதித்துக்கொண்டே போனார்கள். புண்ணுக்கு காரணம் அந்த அழுத்தம். அப்படியென்றால் மருந்து, செருப்பு.

வேலூரிலும் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மையத்திலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நடந்த முயற்சிகளில் நிலைத்தது மைக்ரோசெல்லுலர் ரப்பர். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த, அழுத்தினால் அமுங்கி மறுபடி எழும் ரப்பர் அது. இன்றைக்கும் மருத்துவர்கள் 'எம்.சி.ஆர். செருப்பு போடுங்க' என்று எழுதிக் கொடுப்பது அதைத்தான். கடையில் எம்.சி.ஆர். என்று விற்பதெல்லாம் அசல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி, எடுத்ததும் பழைய நிலைக்கு வர வேண்டும். கல் மாதிரி இருந்தாலும் தப்பு, அமுங்கி அப்படியே கிடந்தாலும் தப்பு.

தொழுநோய்க்கு உருவான அந்தச் செருப்பு இன்று நீரிழிவு நோயாளிகளுக்குக் கைகொடுக்கிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-ல் தெரிவித்தது. சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாத நரம்புகள் மரத்துப்போகும். பீங்கான் சில்லு குத்தினாலும், சூடான தரையில் நின்றாலும் தெரியாது. அந்தப் புண் ஆறாமல் முற்றினால் விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டிய நிலை வரும். குடும்பத்தில் சம்பாதிக்கிற ஆள் ஒருவர்தான் என்றால் அதன் பொருள் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

சென்னை ராயபுரத்தில் உள்ள எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் மருத்துவர்கள், ஏற்கெனவே பாதத்தில் புண் வந்து ஆறிய 241 பேரைப் பின்தொடர்ந்து 2004-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிலருக்கு எம்.சி.ஆர். இன்சோல், சிலருக்கு பாலியூரிதேன் ஃபோம், சிலருக்குப் பாதத்துக்கு ஏற்ப வார்த்த இன்சோல். மீதிப் பேர் வழக்கமாகப் போடும், அட்டை வைத்த செருப்பு. 9 மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான செருப்பு போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மீண்டும் புண். மருத்துவச் செருப்பு போட்டவர்களில் 4 சதவீதம் மட்டுமே. விலை குறைந்த எம்.சி.ஆரும் வார்த்து எடுத்ததும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே வேலை செய்தன என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

ஆகவே சர்க்கரை நோய் இருப்பவர்கள் வலி இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது பாதத்தைப் பரிசோதிக்க வேண்டும். மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு "தெரியுதா?" என்று கேட்கும் சோதனைதான், ஐந்து நிமிட வேலை. இதற்காகத் தமிழக அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டத்தையும் நடத்துகிறது. உணர்ச்சி குறைந்துவிட்டது என்றால் ஆன்லைனில் கெட்டியான பிளாஸ்டிக் இன்சோல் வாங்கிப் போடவே கூடாது. அது உரசிப் புண்ணாக்கினாலும் தெரியாது. விரல் மடங்கியவர்கள், பாதம் உருமாறியவர்கள், ஏற்கெனவே புண் வந்தவர்கள்: இவர்களுக்குத்தான் அளவெடுத்துச் செய்த இன்சோலும் அதற்கேற்ற செருப்பும் உண்மையிலேயே அவசியம்.

இன்சோலை எதில் வைப்பது?

வெளிநாட்டு வீடியோ எதிலும் இந்தக் கேள்வி வராது. அங்கே எல்லோரும் ஷூ போடுகிறார்கள். நம் ஊரில் ஹவாய் செருப்பில் இன்சோலை எங்கே செருகுவது? பலர் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய இன்சோல் பீரோவில் தூங்குவதற்கு இதுதான் காரணம்.

அச்சு எடுக்கும்போதே "நான் செருப்புதான் போடுவேன்" என்று சொல்லிவிட வேண்டும். பின்பக்கம் பட்டை உள்ள சாண்டலிலேயே தாங்கலை வைத்து ஒட்டித் தருவார்கள். பின்பட்டை இல்லாத செருப்பில் நடக்கும்போது குதிகால் நகர்ந்துகொண்டே இருக்கும், தாங்கல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. உணர்ச்சி குறைந்தவர்களுக்கு விரலிடுக்கில் வார் வரும் செருப்பும் வேண்டாம். வீட்டுக்குள் டைல்ஸ், கிரானைட் தரையில் வெறுங்காலோடு நடப்பது குதிகால் வலிக்கு எதிரி. வீட்டுக்கென்று ஒரு மெத்தென்ற செருப்பு வைத்துக்கொள்வதை ஆடம்பரமாக நினைக்க வேண்டாம்.

யாரிடம் அளவு கொடுப்பது?

முதலில் மருத்துவர், பிறகு இன்சோல். இன்சோல் செய்யத் தகுதி பெற்றவர் 'புரோஸ்தெடிஸ்ட் - ஆர்த்தோடிஸ்ட்'. செயற்கைக் கால் செய்பவரும் இவர்தான். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

விருத்தாசலம் பகுதிக்காரர்கள் அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மர் போகலாம். சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனையும், முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுப் பிரிவு 1966-லிருந்து இயங்குகிறது.

கையில் வாங்கியதும் முதல் நாளே எட்டு மணி நேர ஷிஃப்டுக்குப் போட்டுப் போகக் கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு வாரத்தில் முழு நேரத்துக்கு வர வேண்டும். கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். எங்காவது சிவந்து, அரை மணி நேரத்துக்குப் பிறகும் மறையாவிட்டால் திருப்பி எடுத்துப் போய் தேய்த்துச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். இரண்டாவது முறை சரிசெய்வதற்குத் தனிக் காசா என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

இன்சோலால் தீராத வலிகள்

கால் வலி எல்லாம் பாதத்தில் பிறப்பதில்லை. நிற்க நிற்கக் கெண்டைக்கால் கனத்து, நரம்பு சுருண்டு புடைத்திருந்தால் அது வெரிகோஸ். இடுப்பிலிருந்து காலின் பின்பக்கமாக மின்சாரம் மாதிரி இறங்கினால் முதுகெலும்பு நரம்பைப் பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால், குறிப்பாக பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு, ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்குவது, இரவில் தூங்கவிடாத வலி, ஆறாத புண் இவற்றுக்கெல்லாம் இன்சோல் தேடிக்கொண்டு நாள் கடத்தக் கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எட்டு மணி நேரம் சிமென்ட் தரையில் நிற்கும் காலுக்கு இன்சோல் மட்டும் போதாது. நிற்கும் இடத்தில் ஒரு தடித்த ரப்பர் பாய், இடையிடையே உட்கார ஒரு ஸ்டூல் இரண்டும் வேண்டும். நின்றபடி வேலை செய்யும் தொழிலாளர்கள் வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார வசதி செய்து தர வேண்டும் என்பது 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 44-வது பிரிவாக இடம்பெற்றது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கேட்டால் கிடைக்கக் கூடிய உரிமைதான், சலுகை இல்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். மருத்துவரிடம் போகும்போது பழைய செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுச் செருப்போடு போகாதீர்கள். குதிகாலின் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, எந்த விரலுக்குக் கீழே குழி விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே பாரம் எங்கே இறங்குகிறது என்று தெரிந்துவிடும். தேய்ந்த ஜோடியைப் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.